கடைசி நாட்களில் நாயும் பூனையும்: வாயில் ஊற்றுவதை நிறுத்துங்கள்

"இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்ட மறுநாளே வீட்டில் எல்லோருக்கும் கை பரபரக்கும், ஏதாவது செய்தாக வேண்டும் என்று. அந்தப் பரபரப்பில்தான் தவறுகள் நடக்கின்றன. வேளாவேளைக்கு மருந்து, சுத்தமான தண்ணீர் என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதன்முறை இந்தக் கட்டத்துக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு வீடு ஒரே மாதிரி செய்பவை மட்டும் இங்கே.

சாப்பிடவில்லையே என்று சிரிஞ்சில் ஊற்றுவது

வயதான லாப்ரடார் இரண்டு நாளாகத் தட்டைத் தொடவில்லை. கஞ்சியை மிக்ஸியில் அடித்து, பாலும் சேர்த்து, 20 மில்லி சிரிஞ்சில் எடுக்கிறார்கள். ஒருவர் தலையை அண்ணாந்து பிடிக்க, இன்னொருவர் பீய்ச்சுகிறார். நாய் இரண்டு முறை இருமுகிறது. "பாதியாவது உள்ளே போச்சு" என்று வீடே ஆறுதல் அடைகிறது. அந்தப் பாதி எந்த வழியில் போனது என்று யாரும் கேட்பதில்லை.

நாம் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்துப் பழகியவர்கள். விழுங்கும் வலு குறைந்து படுத்திருக்கும் நாய்க்கு அதே வேலையைச் செய்தால் புரையேறி, திரவம் மூச்சுக்குழாய்க்குள் போகும். ஓரிரு நாளில் மூச்சு வேகமாகும், தொண்டையில் களகளவென்று சத்தம் வரும், காய்ச்சல் அடிக்கும். நிமோனியா. நோயோடு இன்னும் சில வாரம் வெயில் காய்ந்துகொண்டு இருந்திருக்க வேண்டிய பிராணி மூச்சுத் திணறிப் போகிறது. "நேத்து நல்லாத்தான் சாப்பிட்டான் டாக்டர், திடீர்னு இழுக்குது" என்று கொண்டுவருவார்கள். திடீரென எதுவும் நடக்கவில்லை.

சாப்பிடாததற்குக் காரணம் பெரும்பாலும் குமட்டல். தட்டை வைத்ததும் முகத்தைத் திருப்புவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, எச்சில் ஒழுகுவது எல்லாம் அதன் அடையாளம். சிறுநீரக நோய் முற்றினால் வாயிலும் புண் வரும். முதலில் வாந்தியை அடக்கும் மருந்து (மாரோபிடன்ட், ஒன்டான்செட்ரான் போன்றவை) டாக்டரிடம் கேளுங்கள். அது வேலை செய்த பிறகு, வெதுவெதுப்பாக்கிய கோழிக்கறியை மூக்கருகே காட்டிப் பாருங்கள். வெங்காயம், பூண்டு, உப்பு கூடாது. முகம் திருப்பினால் தட்டை எடுத்துவிடுங்கள். உடல் அடங்கிவரும் கடைசி ஓரிரு நாளில் குடலும் மெதுவாகிவிடும். அப்போது திணிப்பது வாந்தியாகத்தான் திரும்பும். ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் நனைத்தால் போதும்.

மருந்தையோ தண்ணீரையோ சிரிஞ்சில் கொடுத்தே தீர வேண்டும் என்றால்: நெஞ்சு தரையில் பட, முன்னங்கால் நீட்டி உட்கார வையுங்கள். பக்கவாட்டில் சாயாமல் இருக்கச் சுருட்டிய துண்டை அண்டை கொடுங்கள். தலை நேராக இருக்கட்டும், மேலே தூக்காதீர்கள். ஊசி இல்லாத சிறிய சிரிஞ்சைக் கோரைப்பல்லுக்குப் பின்னால், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் வைத்து நாய்க்கு 1 மில்லி, பூனைக்கு அரை மில்லி. விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்தது. இருமினால் அத்தோடு நிறுத்தம். பிராணி தானாகத் தலையைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாத நிலை என்றால் வாய்வழி எதுவுமே வேண்டாம்.

பூனை விஷயம் கொஞ்சம் வேறு. இன்னும் சிகிச்சை நடக்கும் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், குறிப்பாகப் பருமனான பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு படிந்து நிலைமை மோசமாகும். அதற்குத் தீர்வு கழுத்து வழியாக உணவுக்குழாயில் பொருத்தும் டியூப். பூனைக்குக் கட்டாயப்படுத்தி வாயில் ஊட்டினால் அந்த உணவின் வாசனையையே வெறுக்கத் தொடங்கிவிடும்.

பாலும் இளநீரும் தனியாகச் சொல்ல வேண்டியவை. பால் பல பிராணிகளுக்குப் பேதியாகும். எழ முடியாத நாய்க்குப் பேதி என்றால் அடுத்தது புண்தான். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீர் குறைந்துபோன பிராணிக்கு அது இதயத்துடிப்பையே குலைக்கும்.

இன்னொன்று. தடுப்பூசி விவரம் தெரியாத நாய்க்குத் திடீரெனத் தாடை தொங்கி, விழுங்க முடியாமல் எச்சில் வடிந்தால் வாய்ப்பக்கம் கையையே கொண்டுபோகாதீர்கள். தசையை முடக்கும் வாத வகை ரேபிஸ் (வெறிநோய்) அப்படித்தான் தெரியும்.

நம் வீட்டு வலி மாத்திரை

கூடாது. ஒரே ஒரு பாரசிட்டமால் 500 பூனையைக் கொன்றுவிடும். ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

"வாலாட்டுகிறான், வலி இருக்காது"

வலியோடும் வாலாட்டும். ராத்திரியில் இடம் மாறி மாறிப் படுப்பது, ஓய்விலும் இரைப்பது, ஒரே இடத்தை நக்குவது, பூனையென்றால் ஒளிந்து குந்தியிருப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். தூங்கும்போது மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்கு மேல் நீடித்தால் டாக்டருக்கு போன்.

ஒரே பக்கம் படுக்க விடுவது

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். 4 அங்குல ஃபோம், மேலே ரெக்சின், அதற்கு மேல் பருத்தித் துணி. சாக்கும் மெல்லிய பாயும் போதாது. முழங்கை, இடுப்பெலும்பு, தோள் மூன்றும் முதலில் சிவந்து முடி உதிரும்.

நம் ஊர் வெயிலில் ஈ பெரிய எதிரி. ஈரத்தில் இட்ட முட்டை ஒரே நாளில் புழுவாகிவிடும். பின்பக்க முடியைக் கத்தரித்துவிட்டு, காலையும் மாலையும் வாலைத் தூக்கி மடிப்பு மடிப்பாகப் பாருங்கள். சிறுநீர் பட்ட இடத்தை வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றி உலர்த்தி, வாசலின் தடவலாம். குழந்தைகளின் டயாபர் கிரீமில் துத்தநாகம் இருக்கும், நக்கினால் ஆபத்து. புழு வைத்துவிட்டால் டர்பென்டைனையோ ஃபினாயிலையோ ஊற்றாதீர்கள், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

"அதுவாகப் போகட்டும்"

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் உதவும். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். 10 என்றால் நல்ல நிலை, வலி அடங்கியிருந்தால் வலிக்கும் 10. மொத்தம் 35-க்குக் கீழே இறங்கினால் முடிவைப் பேச வேண்டிய நேரம். நல்ல நிலையில் இருக்கும்போதே போடத் தொடங்கினால்தான் இறக்கம் தெரியும்.

வலியில்லாமல் உயிரை முடிக்கும் ஊசி என்று முடிவானால் டாக்டரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "முதலில் முழு மயக்கம் கொடுப்பீர்களா?" நினைவோடு இருக்கும் பிராணிக்கு இதயத்தை நிறுத்தும் மெக்னீசியம் சல்ஃபேட்டை மட்டும் ஏற்றுவது கொடுமை, சம்மதிக்காதீர்கள். உயிர் போன பிறகும் கண் திறந்தே இருக்கும், ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் தோன்றும், சிறுநீர் போகும். அடியில் பழைய துணி விரித்து வையுங்கள்.

புதைக்கும்போது

குறைந்தது மூன்றடி ஆழம், கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் தள்ளி. பருத்தித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். மயக்க ஊசி போட்ட உடலைத் தெருநாய் தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து, எனவே மேலே கனமான கல் வையுங்கள்.