நெபுலைசர் மாஸ்க் இழுப்பறையில் கிடக்கலாமா?

மதுரைக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் என் பெரியம்மா இருக்கிறார். ஒருநாள் அவருடைய இழுப்பறையைத் திறந்தால் விபூதிப் பொட்டலம், மாத்திரை அட்டை, பாதி கடித்த ரஸ்க், நடுவே நெபுலைசர் மாஸ்க் (மருந்தைப் புகைபோல மாற்றி மூச்சில் இழுக்க வைக்கும் மிஷினுடையது). மருந்துக் கிண்ணத்தில் ஈரம்கூடக் காயவில்லை. அந்த ஈரத்தில் கிருமி வளர்ந்தால் அடுத்த முறை மருந்தோடு சேர்ந்து நேரே நுரையீரலுக்குத்தான் போகும். அங்கே வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மாஸ்க்கையும் கிண்ணத்தையும் தனித்தனியாகக் கழற்றி, மிச்ச மருந்தைக் கொட்டிவிடுங்கள். மிஷினிலிருந்து கிண்ணத்துக்குக் காற்று வரும் டியூபைத் தண்ணீரில் போட வேண்டாம். உள்ளே ஈரம் தெரிந்தால் மிஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், அந்தக் காற்றிலேயே காய்ந்துவிடும்.

அடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசுங்கள். போர்த் தண்ணீரில் அலசினால் உப்புப் பூத்து, கிண்ணத்தின் ஊசித் துளை அடைத்துக்கொள்ளும். புகை சரியாக வராது. மிஷினோடு வந்த குறிப்பில் கொதிக்கவைக்கலாம் என்றிருந்தால், தினம் ஒருமுறை கிண்ணத்தை 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

காயவைப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். அவசரத்தில் சேலைத் தலைப்பால் துடைப்பது கழுவாமல் விடுவதற்குச் சமம். நன்றாக உதறி, சுத்தமான வெள்ளைத் துணியில் பரப்பிவிடுங்கள். தூசி கொட்டும் ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம். கிண்ணத்தின் மூலையில் ஒரு சொட்டு நின்றாலும் பையில் போடாதீர்கள். ஜிப் கவரில் ஈரத்தோடு அடைத்தால் கவருக்குள்ளேயே வியர்த்துவிடும். எனக்குப் பிடித்தது மருந்துக் கடைக் காகிதக் கவர்தான், புதிதாக இருக்க வேண்டும். மேலே பெயர், தேதி. ஒருவர் மாஸ்க் இன்னொருவருக்குக் கிடையாது, கழுவியிருந்தாலும்.

ஆக்சிஜன் மூக்கு டியூபுக்கும் இப்படி ஒரு தனிக் கவர் போதும். கட்டில் கம்பியில் சுற்றி, தரையில் இழுபட விடாதீர்கள். அப்புறம், ஆக்சிஜனை ஈரமாக்க வைத்திருக்கும், குமிழி வரும் அந்த ஈரப்பத பாட்டில். தண்ணீர் குறைந்ததும் மேலே ஊற்றி நிரப்பும் பழக்கத்தை விடுங்கள். தினமும் பழையதைக் கொட்டி, பாட்டிலைக் கழுவி, புதிதாக ஊற்ற வேண்டும். அதற்கு மருந்துக் கடையில் ஸ்டெரைல் வாட்டர் (கிருமி நீக்கிய தண்ணீர்) கேட்டு வாங்குங்கள், பேட்டரிக்கு ஊற்றும் கேன் வேண்டாம்.