‘சுகாதாரப் பார்வையாளர்’ என்றால் யார்?

பிரிட்டனில் குழந்தை பெற்ற ஒரு தமிழ்ப் பெண்ணின் கைப்பேசிக்கு, பிரசவத்துக்குப் பிந்தைய பராமரிப்புச் செயலி ஒன்றிலிருந்து ‘சுகாதாரப் பார்வையாளர் வருவார்’ என்று ஒரு தகவல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். யார் அவர், எதைப் பார்வையிட வருகிறார்? லண்டன் தமிழர் வீடுகளில் அவர் ‘ஹெல்த் விசிட்டர்’தான். அந்தச் சொல்லையே போட்டு, ‘பிள்ளை பிறந்து 10 முதல் 14 நாளுக்குள் வீட்டுக்கு வரும் தாதி’ என்று விளக்கினால் போதும். எந்திர மொழிபெயர்ப்பை ஒட்டிவிட்டு ‘தமிழிலும் உண்டு’ என்று சொல்லிக்கொள்வதில்தான் பிரசவத்துக்குப் பிந்தைய செயலிகளின் கோளாறு தொடங்குகிறது.

எழுத்தை மட்டும் நம்பவும் கூடாது. பிரிட்டனில் உள்ள வங்கதேசக் குடும்பங்கள் பெரும்பாலும் பேசுவது சில்ஹெட் பகுதியின் பேச்சுமொழியான சில்ஹெட்டி. பாடநூல் வங்காளத்தில் பத்துப் பக்கம் தருவதைவிட அவர்கள் பேச்சிலேயே இரண்டு நிமிட ஒலிப்பதிவு மேல். வாட்ஸ்அப்பில் பாட்டிக்கும் அனுப்பலாம்.

உயிருக்கே ஆபத்தான தவறு படங்களில் இருக்கிறது. மஞ்சள் காமாலையைக் காட்ட வெள்ளைக்காரக் குழந்தையின் படத்தை மட்டும் போட்டு ‘தோல் மஞ்சளாகும்’ என்று எழுதிவிடுகிறார்கள். கறுத்த, மாநிறத் தோலில் அது எளிதில் தெரியாது. நல்ல பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளை, ஈறு, உள்ளங்கை, உள்ளங்காலைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் காத்திருக்கவே கூடாது. இதைச் சொல்லாத செயலி எத்தனை மொழியில் வந்து என்ன?

அப்புறம், வீட்டு வழக்கத்தை மொத்தமாகத் தள்ளிவிடுவது. பிள்ளை பெற்றவளுக்கு மசாலாச் சரக்குகளை அரைத்து வைக்கும் சரக்குத்தூள் கறியும் நாற்பது நாள் ஓய்வும் பொதுவாக யாரையும் கெடுப்பதில்லை. நாக்கில் தேன் தொட்டு வைப்பது வேறு கதை: ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். கண்மையில் ஈயம் கலந்திருக்கலாம். காரணத்தோடு இந்த இரண்டை மட்டும் தடுத்தால் அம்மம்மா கேட்பார். எல்லாவற்றுக்கும் ‘கூடாது’ என்றால் அவர் எதையும் கேட்கமாட்டார்.

மனச்சோர்வைப் பற்றிக் கேட்பதிலும் கவனம் வேண்டும். பிள்ளை பெற்ற தாயின் மனச்சோர்வை அறிய 1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோலில் 10 கேள்விகள். ஆறாவதில் உள்ள ஆங்கில மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘விஷயங்கள் என் மேல் ஏறுகின்றன’ என்றுதான் வரும். ‘ஒண்டையும் சமாளிக்க ஏலாமல் கிடக்குதா?’ என்றால் யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு உடனே புரியும். ஆனால் அந்த நேரம் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ‘ஒண்டுமில்லை’ என்றுதான் பதில் வரும். தனியாகக் காதில் கேட்டு, பொத்தானை அழுத்திப் பதில் சொல்ல வழி வையுங்கள்.