மணலை நம்பி வண்டியை இறக்காதீர்கள்: உவரிக் கரையில் தனியாகத் தங்கப் போகிறவர்களுக்கு

திருநெல்வேலியில் விடியக் கிளம்பினால், நாங்குநேரி, திசையன்விளை தாண்டிக் காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு உவரியில் இருக்கலாம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் பெரியதாழை, மணப்பாடு, குலசேகரன்பட்டினம், திருச்செந்தூர். தெற்கே போனால் கூத்தங்குழி, இடிந்தகரை, கூடங்குளம். பகல் முழுக்கக் கார் ஓட்டிவிட்டு, சாயங்காலம் கடலோரம் கூடாரம் அடித்து, ஒற்றையாளாக ஓர் இரவைக் கழித்துவிட்டுத் திரும்புகிற பிள்ளைகள் இப்போது கூடியிருக்கிறார்கள். சந்தோஷமான விஷயம்தான். ஆனால் அவர்கள் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன. கண்ணுக்கு எட்டியவரை வெறும் மணல்தானே, எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம், எங்கே வேண்டுமானாலும் படுக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இங்கே மணல் ஒன்றில்லை. முதலில் வருவது தேரி. திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடிப் பக்கமெல்லாம் சிவப்பாகப் பரந்து கிடப்பது, காற்று காலங்காலமாக வாரிக் குவித்த மணல். மணல் துகளின் மேல் படிந்த இரும்புத் துருதான் அந்த நிறத்துக்குக் காரணம். மழை பெய்த மறுநாள் இறுகிக் கிடக்கும். நாலு நாள் வெயில் அடித்தால் மாவு மாதிரி உதிர்ந்துவிடும். காலையில் பனி ஈரத்தில் உங்கள் வண்டியைச் சுமந்த அதே தடம், மதியம் இரண்டு மணிக்குச் சுமக்காது. போன வழியிலேயே திரும்பலாம் என்ற கணக்கு இங்கே தப்பாகும்.

நாலு வருஷத்துக்கு முன் தட்டார்மடத்துப் பக்கம் ஒரு பனைவிளை ஓரத்தில் எனக்கு அப்படித்தான் ஆனது. வண்டி நின்றதும் பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். அழுத்த அழுத்தச் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டியது. அரை நிமிஷத்தில் வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. பக்கத்து விளையில் பாளை சீவிக்கொண்டிருந்த பெரியவர் இறங்கி வந்தார். நான் கீழே கிடந்த பனைமட்டைகளை இழுத்து வந்து சக்கரத்துக்கு முன்னால் போடப் போனேன். "எய்யா, மட்டையோட போடாத. கருக்கு டயரக் கிழிச்சிரும்" என்று சொல்லி, அரிவாளால் மட்டையை வெட்டித் தள்ளிவிட்டு ஓலையை மட்டும் விரித்தார். மட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல் மாதிரி கறுப்பாக இருக்குமே, அதுதான் கருக்கு. டயரின் பக்கச் சுவர் அதற்குத் தாங்காது. சக்கரத்துக்கு முன்னாலும் வயிற்றுக்கு அடியிலும் மணலைத் தோண்டி எடுத்து, ஓலை போட்டு, டயரில் காற்றையும் இறக்கின பிறகு வண்டி மெதுவாக ஏறி வந்தது.

அந்தக் காற்றை இறக்குகிற வேலையை மணலில் கால் வைப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். சாலையில் 32 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் மணலுக்கு 18 முதல் 20 வரை போதும். டயர் அகன்று பரவி, பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். அப்புறம் வேகம் கூடாது, வெட்டித் திருப்பவும் கூடாது. காற்றுக் குறைந்த டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். சக்கரம் சுழன்று வண்டி நகரவில்லை என்றால் அந்த நொடியே காலை எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்துப் பாருங்கள். ஒரு கைமண்வெட்டி, ஒரு சின்னக் கம்ப்ரஸர், ஒரு பஞ்சர் கிட் மூன்றும் இல்லாமல் தனியாகக் கிளம்பவே வேண்டாம். பஞ்சர் கிட் எதற்கு என்றால் உடைமுள்ளுக்கு. குடை விரித்த மாதிரி நிற்கும் உடை மரத்தின் நிழல் கூப்பிடும். அதன் அடியில் உதிர்ந்து கிடக்கும் வெள்ளை முள் விரல் நீளம் இருக்கும். ஒரு நிழலுக்கு ஆசைப்பட்டு இரண்டு டயரை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று: குதிரைமொழித் தேரி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் வண்டி ஏற்றுவதும் தங்குவதும் குற்றம். மற்ற இடங்களில் ஆளில்லாத மாதிரித் தெரிகிற பனைவிளையும் முந்திரித் தோப்பும் ஒருவருடைய சொத்துதான்.

சரி, கடற்கரைக்கு வருவோம். இங்கேதான் உயிருக்கு ஆபத்தான தவறுகள் நடக்கின்றன.

நம் கரையில் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் அலை நிற்கிற இடத்திலிருந்து இருபதடி தள்ளிக் கூடாரம் போட்டால் போதும் என்று தோன்றும். போதாது. சித்திரை, வைகாசியில் கள்ளக்கடல் வரும். மேகம் இருக்காது, காற்று இருக்காது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே என்றோ அடித்த புயலின் அலை, சில நாள் பயணம் செய்து திடீரென்று நம் கரையில் ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கம் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோனது இப்படி ஒரு நாளில்தான். ஐதராபாத்தில் இருக்கிற, கடல் நிலவரத்தைக் கணித்துச் சொல்கிற இன்காய்ஸ் (INCOIS) நிறுவனம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. கிளம்பும் முன் அதைப் பார்க்காமல் போவது பெரிய தவறு.

எங்கே படுப்பது என்பதைக் கரையே சொல்லும். காய்ந்த பாசி, தெர்மாகோல் துண்டு, அறுந்த வலைக்கயிறு எல்லாம் கோடு போட்ட மாதிரி ஓர் இடத்தில் ஒதுங்கிக் கிடக்கும். கடல் அண்மையில் அதுவரை வந்திருக்கிறது. அதற்கும் மேலே ஏறிப் போனால், ஆட்டுக் குளம்பு மாதிரி இலையும் ஊதாப் பூவுமாக அடம்பங்கொடி படர்ந்திருக்கும். அது வேர்விட்டுச் செழித்த இடத்தில் அலை அடிக்கடி ஏறுவதில்லை. அந்தக் கொடியையும் தாண்டி, அதை மிதிக்காமல், மேட்டுக்குப் பின்னால் கூடாரம் போடுங்கள். கொடியின் மேல் வண்டியை ஏற்றினால் மணலைப் பிடித்து வைத்திருக்கிற வேர் போய்விடும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் காலம். டயர் தடத்தின் பள்ளத்தில் விழுந்த குஞ்சு ஏறிவர முடியாமல் அங்கேயே காய்ந்து செத்துப்போகும். அதனால் ஈரமணலிலும் மேட்டிலும் வண்டியை இறக்காதீர்கள். வண்டி தார்ச்சாலை ஓரத்தில் நிற்கட்டும், கூடாரத்தைச் சுமந்துபோங்கள். இரவில் கடலைப் பார்த்து விளக்கும் எரிய வேண்டாம்.

ஆற்றுமுகத்தில் தங்குவது இதைவிட மோசம். நம்பியாறு ஆற்றங்கரைப் பள்ளிவாசல் பக்கத்திலும், கருமேனியாறு மணப்பாட்டிலும் கடல் சேர்கின்றன. ஆண்டில் பெரும்பகுதி வாயை மணல் மூடியிருக்கும். பார்க்கச் சமதளமாக, அழகாக இருக்கும். மேலே காய்ந்து, அடியில் ஊறிப்போன மணல் அது. மேற்கே மழை பெய்தால், இங்கே ஒரு சொட்டும் விழாமலே தண்ணீர் வந்து திட்டை உடைத்துக்கொண்டு போகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதை இந்த ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூடாரப் பயணமே வேண்டாம்.

ஆனி, ஆடியிலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று பணகுடி, இராதாபுரம் தாண்டிக் கடல்வரை மணலை வாரியடிக்கும். கூடாரத்து ஆணி மணலில் நிற்காது. மணல் நிரப்பிய பையைக் கயிற்றில் கட்டிக் குழியில் புதைத்தால்தான் நிற்கும்.

அப்புறம், மீனவர்களின் இடம். முதல் தடவை நான் உவரிக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, வலை பொத்திக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்: "அண்ணாச்சி, ராத்திரி இங்கன படுத்துக்கிடலாமா?" அவர் ஊசியை நிறுத்தவில்லை. "இங்கன வேண்டாம் தம்பி. ரெண்டு மணிக்கு வள்ளம் தள்ளுவோம், இருட்டுல ஒங்க கூடாரம் கண்ணுக்குத் தெரியாது. அந்தா கோயில் பக்கம் போய்ப் படுங்க, தண்ணியும் இருக்கு." கேட்டதால் எனக்கு இடமும் நல்ல தண்ணீரும் கிடைத்தன. அன்று ராத்திரி நாலைந்து பேர் வந்து பார்த்து, சாப்பிட்டாச்சா என்று விசாரித்துவிட்டும் போனார்கள். கேட்காமல் மணலைத் தோண்ட ஆரம்பித்தால் அதே ஆட்கள் சந்தேகப்படுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. கார்னெட், இல்மனைட் கிடைக்கிற இந்தக் கரையில் தாதுமணல் அள்ளியதில் எத்தனையோ சண்டைகள் நடந்து, 2013-இல் தமிழக அரசு தடை போட்டது. வண்டியும் மண்வெட்டியுமாக வருகிற வெளியூர் ஆளை அவர்கள் விசாரிக்கத்தான் செய்வார்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சுற்றியும், குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் ஏவுதளம் எழும்புகிற இடத்திலும் கூடாரமும் கூடாது, டிரோனும் கூடாது.

தனியாகப் போகிறவருக்கு மட்டும் உரிய இரண்டு தவறுகள். கொசுவுக்கும் புழுக்கத்துக்கும் பயந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். புகைக்குழாய் மணலில் அடைபட்டால் வாசனையே இல்லாத விஷவாயு உள்ளே வரும். எழுப்பப் பக்கத்தில் ஆள் கிடையாது. அடுப்பையும் கூடாரத்துக்குள் பற்றவைக்க வேண்டாம். இரண்டாவது, எங்கே படுக்கிறோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் ஊர்ப் பெயரோடு சொல்லாமல் இருப்பது. 112-ம், கடலோரக் காவல் குழுமத்தின் 1093-ம் போனில் இருக்கட்டும்.

விடிந்து கிளம்பும்போது டயரில் காற்றை மறுபடி 32-க்கு ஏற்றிவிட்டே தார்ச்சாலையில் ஓட்டுங்கள். இறங்கின காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடித்துவிடும். திசையன்விளைக்குள் நுழைந்ததும் முதல் வேலை வாட்டர் சர்வீஸ். மேலே பளபளப்பாகக் கழுவியதும் விட்டுவிடுவார்கள். கூடவே நின்று, சேஸிஸ் அடியிலும் சக்கர வளைவிலும் நல்ல தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். உப்பு அங்கேதான் ஒட்டியிருக்கும்.