ஓடாதே என்றால் ஏன் ஓடுகிறாள்? மறுப்புச் சொற்களுக்கு மூன்று விளையாட்டுகள்

மூன்றரை வயது மகளிடம் "ஓடாதே" என்றால் ஓடுவாள். அடம் என்றே நினைத்திருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன்: அந்தச் சொல்லில் முதலில் காதில் விழுவது "ஓட". மறுப்பு கடைசியில்தான் வருகிறது. அதற்குள் அவள் கிளம்பிவிடுகிறாள்.

ஆங்கிலம் பேசும் மூன்று குழந்தைகளைக் கவனித்து, 1970இல் குழந்தை மொழி ஆய்வாளர் லோயிஸ் புளூம் எழுதிய நூல் மறுப்பை மூன்றாகப் பிரித்தது: ஒரு பொருள் அங்கே இல்லாமை, விரும்பாமை, 'அது அப்படி அல்ல' என்பது. தமிழில் 'இல்லை', 'வேண்டாம்' என்று சொற்களே வேறு; செய்யாமல் தடுக்க 'ஓடாதே' என்பதில் வரும் -ஆதே தனி. அதனால் ஒரு வாரத்துக்கு ஒன்று போதும்.

முதலில் 'இல்லை' என்ற சொல். மூன்று டப்பாக்கள், ஒன்றில் துணியில் சுற்றிய புளியங்கொட்டை. எவர்சில்வர் டப்பாதான் நல்லது, பிளாஸ்டிக்கில் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். "இருக்கா?" என்று கேட்டுத் திறக்க வையுங்கள். கடையில் வாங்கிய பட அட்டைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாய்ப் படத்தைக் காட்டி "இது பூனை இல்லை" என்றேன், குழந்தை விழித்தாள். பூனை என்று யாருமே சொல்லவில்லையே! இருக்கும் என்று நினைத்துத் திறக்கும்போதுதான் 'இல்லை' புரிகிறது.

'வேண்டாம்' சுலபம். சொப்பு வைத்துச் சாப்பாடு பரிமாறுங்கள், பொம்மைகள் மறுக்கட்டும்.

நான் இரண்டு வாரம் திணறியது 'தட்டு, தட்டாதே' விளையாட்டில்: 'தட்டு' என்றால் கை தட்ட வேண்டும், 'தட்டாதே' என்றால் கூடாது. தட்டாதே என்பதை என்னை அறியாமல் அதட்டலாகச் சொல்லியிருக்கிறேன். அவள் சொல்லைக் கேட்கவில்லை, குரலைக் கேட்டு நிறுத்தினாள். இரண்டையும் ஒரே குரலில் சொன்னதும் பழையபடி தட்டினாள். பிறகு இப்படி மாற்றினேன்: உட்கார்ந்துகொண்டு, கைகள் மடியில். சொல் முழுதாக முடிந்து நான் தலையசைத்த பிறகுதான் தட்ட வேண்டும். நாலைந்து நாளில் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகே குதி, குதிக்காதே. ஓடு, ஓடாதே கடைசியில். நடுவில் அவளையும் கட்டளையிட விடுங்கள். "அப்பா, குதிக்காதீங்க!" என்று அவளே சொன்ன நாளில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பின்சேர்க்கை: தன் பையன் "பூனை வரமாட்டான்" என்கிறான் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஆட்களுக்கு வரமாட்டாள், வரமாட்டார். பூனைக்கும் பஸ்ஸுக்கும் வராது. வீட்டார் படங்களை ஒரு கூடையிலும், விலங்கு, வண்டி பொம்மைகளை இன்னொன்றிலும் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து "வருமா? வருவாரா?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம். "ஆமாம், பூனை வராது" என்று பதில் சொன்னால் போதும்.