வீணை வகுப்பில் நாம் நடத்தாத பாடங்கள்

காரைக்குடி என்றாலே வீணை சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் நினைவுக்கு வருவார்கள். அந்தப் பெருமையில் பிள்ளையைப் பள்ளி வீணை வகுப்பில் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது, அங்கே யாரும் சொல்லித் தராமலே மனசில் என்ன படிகிறது என்றும் பார்க்கணும்.

முதலில் சுருதி. டீச்சரே எல்லா வீணையையும் சுருதி சேர்த்து வைத்துவிட்டால் நேரம் மிச்சம்தான், ஆனால் பிள்ளை 'இது என் வேலை இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். சாரணி என்னும் முதல் தந்தியையாவது தம்புராவைக் கேட்டு அவர்களே சேர்க்கட்டும். ஓவராக முறுக்கினால் அறுந்துபோகும், போகட்டுமே.

பிழைதான் பெரிய விஷயம். ஒரு ஸ்வரம் தவறியதும் 'நிறுத்து' என்று சொல்லியே பழக்கினால், ஆரம்பப் பயிற்சியான சரளி வரிசையில் தடுக்கிய இடத்தில் கை நின்று, தலை நிமிர்ந்து, நம் முகத்தைப் பார்க்கும்; வீட்டில் அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டும்போதும் அதே கதை. ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) முடியும்வரை விட்டுவிடுங்கள். வலது கைச் சுண்டுவிரல் தாளத் தந்தியை மீட்டுவது நிற்காமல் இருந்தால் சரி, அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.

வேகமான மூன்றாம் காலத்துக்கு மட்டும் கைதட்டினால் வேகம்தான் வித்தை என்றாகிவிடும். மெதுவான முதல் காலத்தில் சுத்தமாக வாசித்தால் அதையும் பாராட்டுங்கள்.

ஆண்டுவிழா ஒத்திகையில் பின்வரிசைப் பிள்ளைகள் தந்தியைத் தொடாமலே விரலை அசைத்துத் தப்பிப்பார்கள் (சிலர் இதில் படு கெட்டி!). வாரம் ஒருமுறை வரிசையை மாற்றுங்கள், இருப்பதில் நல்ல வீணையும் கைமாறட்டும்.