வீடியோ போட்டுச் சம்பாதிப்பவர்கள் வரியில் சறுக்கும் இடங்கள்

யூடியூப், இன்ஸ்டாகிராம் வழியாகச் சம்பாதிக்கும் பலர், வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகைதான் தங்கள் வருமானம் என்று நினைக்கிறார்கள். வரிச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கைக்கு வருமுன் பிடிக்கப்பட்டதும் வருமானம்தான். பணமாக வராமல் பொருளாக வந்ததும் வருமானம்தான்.

பொருளில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். ஒரு நிறுவனம் விமர்சனத்துக்காகப் போன் அனுப்புகிறது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. அது அன்பளிப்பு அல்ல, வேலைக்கான கூலி. அமெரிக்காவில் அதன் சந்தை மதிப்பை வருமானத்தில் சேர்க்க வேண்டும். இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல், ஒரு நிறுவனம் இப்படித் தரும் பலன்கள் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரிப்பிடித்தம் உண்டு. பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது பலனாகக் கருதப்படாது. போனை விற்காமல் வைத்திருந்தாலும் வரியைப் பணமாகத்தான் கட்ட வேண்டும் என்பதை யோசித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். வந்த நாளில் அதன் விலை என்ன என்று குறித்து வைப்பதும் அவசியம்.

அந்த 20,000 ரூபாயைப் பலர் வரிவிலக்கு வரம்பு என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது பிடித்தம் செய்வதற்கான வரம்பு மட்டுமே. வரி பிடிக்கவில்லை, படிவம் எதுவும் வரவில்லை என்பதால் வருமானத்தைக் காட்டாமல் விடக் கூடாது. அமெரிக்காவில் சுயதொழிலின் நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே, வருமான வரி போக, 15.3 சதவீத சுயதொழில் வரி தனியாக வந்து நிற்கும். முதல் ஆண்டில் பலரும் எதிர்பார்க்காத வரி இது.

அடுத்தது வெளிநாட்டுப் பிடித்தம். 2021 ஜூன் முதல், அமெரிக்காவுக்கு வெளியே உள்ள படைப்பாளிகளுக்கும், அமெரிக்கப் பார்வையாளர்களால் கிடைக்கும் தொகையில் யூடியூப் வரி பிடிக்கிறது. வரித் தகவலைக் கொடுக்காமல் விட்டால், உலகம் முழுவதிலிருந்தும் வரும் மொத்த வருவாயில் 24 சதவீதம் வரை போகலாம். கொடுத்தால் அமெரிக்கப் பங்கில் மட்டும்தான் பிடிப்பார்கள், வழக்கமாக 30 சதவீதம். இரு நாடுகளுக்கு இடையே வரி ஒப்பந்தம் இருந்தால் அந்த 30 சதவீதம் குறையலாம். இந்தியாவுக்கு அது 15. ஒரு படிவத்தைச் சோம்பலால் தள்ளிப்போட்டு இவ்வளவு பணத்தை இழப்பது வேதனை. அப்புறம், பிடித்தது போக வந்த தொகையைச் சொந்த நாட்டில் வருமானமாகக் காட்டுவதும் தவறு. முழுத் தொகையைக் காட்டி, அங்கே கட்டிய வரியைக் கழித்துத் தரும்படி நாமே கேட்க வேண்டும். பல நாடுகளில் அது தானாகக் கழிந்துவிடாது.

சம்பளக்காரர்களுக்கு மாதாமாதம் நிறுவனமே வரி பிடிக்கிறது. சுயதொழிலில் அந்த வேலை நம்முடையது. ஆண்டு முடியட்டும், மொத்தமாகக் கட்டலாம் என்று இருந்தால் வட்டியோ அபராதமோ சேரும். இந்தியாவில் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே தவணைகளில் கட்ட வேண்டும். அமெரிக்காவிலும் ஆண்டுக்கு நான்கு தவணை. ஒவ்வொரு முறை பணம் வரும்போதும் ஒரு பங்கை வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். இதைவிட எளிய வழி கிடையாது.

ஜிஎஸ்டி, வாட் போன்ற வரிகளுக்கு லாபத்தைப் பார்க்க மாட்டார்கள், விற்றுமுதலைத்தான், அதாவது செலவைக் கழிக்காத மொத்த வரவைத்தான் பார்ப்பார்கள். இந்தியாவில் பெரும்பாலான மாநிலங்களில் சேவைகளுக்கு ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். வெளிநாட்டிலிருந்து வரும் விளம்பர வருவாயும் இந்தக் கணக்கில் சேரும். செலவையெல்லாம் கழித்தால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

செலவுக் கழிவைப் பொறுத்தவரை, வீட்டுக்கும் வேலைக்கும் பொதுவாகப் பயன்படும் இணையம், கேமரா போன்றவற்றில் வேலைக்கான பங்கை மட்டும் கழியுங்கள், ரசீதோடு.