சாகாத நாட்களை யார் கணக்கில் எழுதுவது? இதயச் செயலிழப்பு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுநிலை மாணவர்கள் எழுதும் ஆய்வு முன்வரைவுகளைப் படித்துத் திருத்தும் வேலை சில காலமாக என்னிடம் வந்து சேர்கிறது. படிக்கப் படிக்க ஒரு சங்கடம் கூடிக்கொண்டே போகிறது. என் முதல் ஆய்வில் நான் செய்த பிழைகளே வேறு வேறு பெயர்களில் திரும்பி வருகின்றன. நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தரவு திரட்டுவது, மாதிரி அளவைக் கணக்கிடாமல் தொடங்குவது, பி-மதிப்பைப் பார்த்துவிட்டுக் கருதுகோளை எழுதுவது போன்றவற்றை இங்கே நான் பேசப்போவதில்லை. அவற்றை எந்தப் பயிற்சி வகுப்பிலும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லித்தராமல், அடிபட்டே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒரே ஒரு எக்கோ அறிக்கையை நம்பி நோயாளியை வகைப்படுத்துவது

ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறையில் நிறைந்த இரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பதைச் சொல்லும், மருத்துவர்கள் இ.எஃப். என்று சுருக்கும் வெளியேற்ற விகிதத்தை வைத்தே இதயச் செயலிழப்பை வகைப்படுத்துகிறோம். 2021இல் வெளியான பொது வரையறையின்படி 40 சதவீதமும் அதற்குக் கீழும் ஒரு வகை, 41 முதல் 49 வரை இன்னொரு வகை, 50உம் அதற்கு மேலும் மூன்றாவது வகை. மாணவர் நோயாளியின் கோப்பைத் திறக்கிறார், கடைசி எக்கோவில் (இதயத்தின் ஒலியலைப் பரிசோதனையில்) 52 என்றிருக்கிறது, உடனே அவரை மூன்றாம் வகையில் சேர்த்துவிடுகிறார். அதே கோப்பில் நான்கு பக்கம் முன்னால் புரட்டியிருந்தால், ஓராண்டுக்கு முன் அவருடைய இ.எஃப். 28 ஆக இருந்து, மருந்துகளால் மேலேறியிருப்பது தெரிந்திருக்கும். அவர் மூன்றாம் வகை நோயாளி அல்லர். முன்பு 40 அல்லது அதற்குக் கீழே இருந்து, குறைந்தது 10 புள்ளி உயர்ந்து, 40ஐத் தாண்டியவர்களுக்கு அதே வரையறை 'மேம்பட்ட வகை' என்று தனி இடமே ஒதுக்கியிருக்கிறது.

இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. இதயத் தசை விரிவடைந்து பலவீனமாகி, பின்னர் சிகிச்சையால் மீண்டதாகக் கருதப்பட்ட 51 பேரை வைத்து நடந்த டிரெட்-எச்எஃப் ஆய்வில், மருந்துகளைப் படிப்படியாக நிறுத்தியவர்களில் 44 சதவீதத்தினருக்கு ஆறு மாதங்களுக்குள் நோய் திரும்பியது; மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் அந்தக் காலத்தில் திரும்பவில்லை. எண் மேலேறிவிட்டது என்பதற்காக நோய் விலகிவிட்டது என்று கொள்ள முடியாது. இவர்களைப் பிற நோயாளிகளோடு கலந்துவிட்டால், உங்கள் மூன்றாம் வகைக் குழு இரண்டு வெவ்வேறு நோய்களின் கலவையாகிவிடும்.

அளவீடு சீராவதை ஆயுள் நீள்வதாக எடுத்துக்கொள்வது

மில்ரினோன் மாத்திரை இதயத்தின் சுருங்கும் வலிமையைக் கூட்டியது. 1991இல் வெளியான பிராமிஸ் ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்பு உடைய 1,088 பேரிடையே அது இறப்பை 28 சதவீதம் அதிகரித்தது. இதற்கு மேல் இந்தத் தலைப்பில் சொல்ல ஒன்றுமில்லை.

சாகாத நாட்களை மருந்தின் வெற்றியாக எழுதுவது

இனி, இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்கு எரிச்சலூட்டும் தவறுக்கு வருகிறேன். எனக்கே மிகுந்த விலை வாங்கிய தவறு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தில், இதயச் செயலிழப்போடு அனுமதிக்கப்பட்டு வீடு திரும்பியவர்களின் பழைய பதிவுகளை எடுத்து ஓர் ஆய்வு செய்தேன். வீடு திரும்பிய பிறகு உடற்பயிற்சி மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் ஒரு பிரிவு, சேராதவர்கள் இன்னொரு பிரிவு. இரு பிரிவுக்கும் வீடு திரும்பிய நாளிலிருந்தே கணக்குத் தொடங்கியது. சேர்ந்தவர்களின் இறப்பு விகிதம் சேராதவர்களுடையதில் பாதிகூட இல்லை என்று முடிவு வந்தபோது தலைகால் புரியவில்லை. வயது, சிறுநீரகச் செயல்பாடு, நீரிழிவு என்று கையில் கிடைத்த எல்லா மாறிகளுக்கும் சரிசெய்தேன். முடிவு அசையவில்லை. அசையாததையே அதன் வலிமைக்குச் சான்றாகவும் எழுதினேன்.

ஒரு மாநாட்டில் அதை வாசித்து முடித்தபோது, கடைசி வரிசையிலிருந்த மூத்த புள்ளியியலாளர் ஒருவர் எழுந்தார். "டாக்டர், வீடு திரும்பிய இருபதாம் நாள் இறந்தவர் உங்கள் கணக்கில் எந்தப் பிரிவில் இருக்கிறார்?" என்று கேட்டார். சேராதவர்கள் பிரிவில் என்றேன். "அவர் ஏன் சேரவில்லை?" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

திட்டத்தில் சேர்வதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் உயிரோடு இருந்தவரே சேர முடியும். அதாவது, சேர்ந்தவர் பிரிவில் உள்ள எவரும் அந்தக் காலத்தில் இறந்திருக்கவே முடியாது. அந்த நாட்களுக்கு அவர்கள் சாகாவரம் பெற்றவர்கள். அவ்வாரங்களில் நேர்ந்த இறப்புகள் அனைத்தும் தாமாகவே மறு பிரிவின் தலையில் விழுகின்றன. இதைத்தான் சாகாக் காலப் பிழை என்கிறேன்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டால் இதன் கொடுமை புரியும். 200 பேர் வீடு திரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் 60 நாட்களில் 40 பேர் இறந்துவிடுகிறார்கள். மீதமுள்ள 160 பேரில் 80 பேர் அறுபதாம் நாள் திட்டத்தில் சேர்கிறார்கள், 80 பேர் சேரவில்லை. திட்டத்தால் எந்தப் பயனும் இல்லை என்றே கொள்வோம். எனவே அதன் பின்னர் இரு பக்கமும் 16 பேர் வீதம் இறக்கிறார்கள். இப்போது நான் செய்தபடி கணக்கிடுங்கள். சேர்ந்தவர்களில் 80க்கு 16, அதாவது 20 சதவீதம். சேராதவர்களில் 120க்கு 56, அதாவது ஏறத்தாழ 47 சதவீதம். ஒன்றுக்கும் உதவாத ஒரு திட்டம் இறப்பைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டது!

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது, இதைச் சுட்டிக்காட்டும்போது வரும் பதில்தான். "புரோபென்சிட்டி மதிப்பெண் வைத்து இணை சேர்த்திருக்கிறோமே, சார்" என்கிறார்கள். சிகிச்சை பெறும் வாய்ப்பு ஒத்திருப்பவர்களை இணையாக்கும் முறை அது; நோயாளிகளிடையே உள்ள வேறுபாட்டைச் சமன் செய்ய உதவலாம். இங்கே பிழை நோயாளிகளிடம் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. மேலே போட்ட கணக்கில் 200 பேரையும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக வைத்தாலும் அதே 20உம் 47உம்தான் வரும்.

இது புதிய கண்டுபிடிப்பாக இருந்தால் மாணவர்களை நொந்துகொள்ள மாட்டேன். இதயச் செயலிழப்பின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை தொடங்கிய காலத்திலேயே இந்தப் பிழை வெளிப்பட்டுவிட்டது. 1967 டிசம்பரில் கிறிஸ்டியன் பர்னார்டும், அடுத்த மாதமே ஸ்டான்ஃபோர்டில் நார்மன் ஷம்வேயும் அந்த அறுவையைச் செய்தார்கள். அதன் பின் வந்த தொடக்கக்கால ஒப்பீடுகளில், மாற்று இதயம் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்ததாகத் தெரிந்தது. 1972இல் புள்ளியியலாளர் மிட்செல் கெயில் அதை மறுபரிசீலனை செய்தார். தானமாக ஓர் இதயம் கிடைக்கும்வரை பிழைத்திருந்தவரே மாற்று இதயம் பெற்றார். காத்திருக்கும்போதே இறந்தவர் பெறாதவர் பிரிவில் விழுந்தார். ஆகவே ஒப்பீடு தொடக்கத்திலேயே சாய்ந்திருந்தது என்று அவர் எடுத்துக்காட்டினார். 1974இல் மான்டெலும் பையரும், 1977இல் கிரௌலியும் ஹூவும் அதைச் சரிசெய்யும் கணித முறைகளை வகுத்தார்கள். ஸ்டான்ஃபோர்டு நோயாளிகள் 103 பேரின் அந்தத் தரவு இன்றைக்கும் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் சர்வைவல் தொகுப்பில் பயிற்சி எடுத்துக்காட்டாக இருக்கிறது. இந்தப் பிழையைச் செய்யும் மாணவர் பெரும்பாலும் அதே தொகுப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்கிறார்.

இதயச் செயலிழப்பு ஆய்வில் இது பல வேடங்களில் வரும். அண்மையில் ஒரு முன்வரைவில், இதயத்தின் சுமையைக் குறைக்கும் பீட்டா தடுப்பி மருந்தின் முழு அளவை எட்டியவர்களையும் எட்டாதவர்களையும் முதல் மாத்திரை தந்த நாளிலிருந்து ஒப்பிட்டிருந்தார்கள். அவ்வகை மருந்தான பைசோப்ரோலாலை 1.25 மில்லிகிராமில் தொடங்கி, குறைந்தது இரண்டு வார இடைவெளிகளில் கூட்டிக்கூட்டி 10 மில்லிகிராமை எட்டவேண்டும். அதற்குள் இறந்தவர் முழு அளவை எட்டாதவர் ஆகிவிடுகிறார். "ஆறு மாதம் விடாமல் மருந்து எடுத்தவர்கள்", "மூன்று முறையாவது மருத்துவரைப் பார்த்தவர்கள்" என்று தொடங்கும் எந்த வரையறையைக் கண்டாலும் நான் இப்போது சிவப்புப் பேனாவை எடுத்துவிடுகிறேன்.

தீர்வு கடினமானதன்று. எளிய வழி, ஒரு நாளை மைல்கல்லாக முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அன்று உயிரோடு இருப்பவர்களை மட்டும் எடுத்து, அன்றைய நிலையை வைத்தே பிரித்து, அன்றிலிருந்து எண்ணத் தொடங்குவது. மேலே சொன்ன கணக்கில் அறுபதாம் நாளைக் குறித்தால் இரு பக்கமும் 20 சதவீதம் என்ற உண்மை உடனே வந்துவிடும். ஆனால், முதல் 60 நாட்களில் இறந்த 40 பேரைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லாது என்பதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். இன்னொரு வழி, சிகிச்சையைக் காலத்தோடு மாறும் மாறியாகக் கொள்வது. ஒருவர் திட்டத்தில் சேரும்வரை வாழ்ந்த நாட்கள் சேராதவர் கணக்கிலும், அதன் பிந்தைய நாட்கள் சேர்ந்தவர் கணக்கிலும் போகும். எந்த வழியானாலும், தகுதி பெறும் நாள், பிரிவு முடிவாகும் நாள், எண்ணத் தொடங்கும் நாள் ஆகிய மூன்றும் ஒரே நாளா என்று தரவைத் தொடுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் அதைச் செய்யாததால் எட்டு மாத உழைப்பைக் கைவிட்டு, ஏற்பு நிலையில் இருந்த கட்டுரையையும் நானே திரும்பப் பெற்றேன்.

எந்த பி.என்.பி. என்று பார்க்காமல் எண்ணைப் பதிவது

இதயச் சுவர் இழுபடும்போது இரத்தத்தில் கூடும் பி.என்.பி.யும் என்.டி.-புரோ-பி.என்.பி.யும் ஒரே மூலத்திலிருந்து வந்தாலும் ஒன்றல்ல. சாக்குபிட்ரில் என்ற மருந்து நெப்ரிலைசின் நொதியைத் தடுக்கிறது. பி.என்.பி.யைச் சிதைப்பது அந்த நொதி, என்.டி.-புரோ-பி.என்.பி.யை அது தொடுவதில்லை. எனவே இந்த மருந்தை உட்கொள்பவரிடம், நோய் தணிந்துகொண்டிருக்கும்போதே முதலாவது ஏறவும் இரண்டாவது இறங்கவும் கூடும். இரண்டு ஆய்வகங்களிலிருந்து வந்த இரண்டு சோதனைகளை ஒரே பத்தியில் கலந்து சராசரி எடுத்திருந்த தரவுத்தாளை நான் பார்த்திருக்கிறேன். உடற்பருமன் இவற்றைத் தாழ்த்தும். சிறுநீரகக் கோளாறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற துடிப்பும் உயர்த்தும். இந்த மூன்றையும் பதியாமல் எண்ணை மட்டும் பதிந்தால் பின்னர் எதையும் பிரித்தறிய முடியாது.

துணைக் குழுவில் கிடைத்த வெற்றியைக் கொண்டாடுவது

1996இல் வெளியான பிரெய்ஸ் ஆய்வில், இரத்தக்குழாய் அடைப்பால் வராத இதயச் செயலிழப்பு உடையவர்களிடம் மட்டும் இரத்த அழுத்த மருந்தான அம்லோடிபின் இறப்பைக் கணிசமாகக் குறைத்ததாகத் தெரிந்தது. அத்தகையோரை மட்டுமே வைத்து இரண்டாம் பிரெய்ஸ் ஆய்வை நடத்தினார்கள். பயன் மறைந்துபோயிற்று. அவர்கள் சரிபார்க்கவாவது செய்தார்கள்.

இறந்தவரை 'மீண்டும் அனுமதிக்கப்படாதவர்' என்று எண்ணுவது

மருத்துவமனைக்குத் திரும்பாமல் இருப்பதற்கு மரணத்தைவிட உறுதியான வழி இல்லை.

மருந்துச்சீட்டில் இருப்பதால் உடலிலும் இருப்பதாகக் கொள்வது

ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்தைச் சோதித்த டாப்கேட் ஆய்வு 2014இல் வெளியானது. 3,445 பேர் பங்கேற்ற அதில் முதன்மை முடிவு எதிர்பார்த்த பயனைக் காட்டவில்லை. ஆனால் அமெரிக்கக் கண்டங்களில் சேர்க்கப்பட்டவர்களும் ரஷ்யாவிலும் ஜார்ஜியாவிலும் சேர்க்கப்பட்டவர்களும் ஒரே நோயுடையவர்களாகவே தோன்றவில்லை. போலி மாத்திரை பெற்றவர்களிடையே முதன்மை நிகழ்வு நேர்ந்தது முன்னவர்களில் 31.8 சதவீதம், பின்னவர்களில் 8.4 சதவீதம். பின்னர் 2017இல், அந்த மருந்து உடலில் சிதைந்து உண்டாகும் கான்ரினோன், சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மருந்தை உட்கொள்வதாகச் சொன்னவர்களில், அமெரிக்காவிலும் கனடாவிலும் 3 சதவீதத்தினரிடம் அது இல்லை. ரஷ்யாவில் 30 சதவீதத்தினரிடம் இல்லை. சேமித்த மாதிரிகள் இருந்ததால் மட்டுமே அவர்களால் அதைத் தேடிப் பார்க்க முடிந்தது. உங்கள் ஆய்வுக்கான செலவுத் திட்டத்தில் உறைகுளிர் பெட்டிக்கான வரியைத் துறைத்தலைவர் அடித்துவிட முயன்றால், விட்டுக்கொடுக்காதீர்கள்.